கலைப்பட்டதாரிக்கு உபநிடதம் காட்டும் வழி

சாந்தோக்ய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயம் வியப்பூட்டும் ஒரு காட்சியுடன் தொடங்குகிறது. தேவரிஷியான நாரதர் சனத்குமாரரை அணுகி, தமக்கு உபதேசிக்குமாறு வேண்டுகிறார். இதுவரை கற்றவை எவை என்பதை முதலில் கூறுமாறு சனத்குமாரர் பணிக்கிறார். நாரதர் தரும் பட்டியல் மிக நீண்டது. நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், கணிதம், தர்க்கம், நீதி சாஸ்திரம், வானியல், போர்க்கலை, இசை முதலிய நுண்கலைகள் என அன்றைய உலகம் அறிந்திருந்த வித்தைகள் ஏறக்குறைய அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. பட்டியலை முடித்த பின் நாரதர் ஒளிவுமறைவின்றி ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறார். இத்தனை கற்றும் தாம் சொற்களை மட்டுமே அறிந்தவர், ஆன்மாவை அறியாதவர். ஆகவே தாம் துயரத்தில் இருப்பதாகவும், அத்துயரத்தின் அக்கரைக்குத் தம்மைக் கொண்டு சேர்க்க வேண்டும் என்றும் அவர் விண்ணப்பிக்கிறார்.

நாரதர் கூறிய வித்தைகளுள் பெரும்பாலானவை இன்றைய பல்கலைக்கழகங்களில் கலைப்புலத்தில் கற்பிக்கப்படுபவை. மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், அரசியல், நுண்கலை ஆகியவற்றை நம் நாட்டில் இலட்சக்கணக்கான மாணவர்கள் பயின்று வருகின்றனர். அவர்களும் துயரத்தில்தான் இருக்கின்றனர். ஆனால், அது வேறு வகைத் துயரம். பட்டம் பெறும் நாள் நெருங்க நெருங்க, இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்வி வீட்டிலும் வெளியிலும் எழுகிறது. பொறியியல் படித்த உறவினரின் மாத ஊதியம் எடுத்துக்காட்டப்படுகிறது. மேற்படிப்பைத் தொடர்வதா, கிடைத்த வேலையில் சேர்வதா, போட்டித் தேர்வுக்குப் படிப்பதா என்று தெரியாமல் இளம் உள்ளங்கள் வாடுகின்றன. விரும்பிக் கற்ற கல்வியே தவறான தேர்வோ என்ற ஐயம் சிலரைச் சோர்விலும் ஆழ்த்திவிடுகிறது.

நாரதரின் துயரம் ஆன்மாவை அறியாததால் வந்தது. இன்றைய மாணவனின் துயரம் வாழ்க்கைக்கு வழி தெரியாததால் வந்தது. இரண்டும் ஒன்றல்ல. எனினும், முதல் துயரத்திற்குச் சனத்குமாரர் அமைத்துத் தந்த படிகளில் இரண்டாம் துயரத்திற்கும் மருந்து இருக்கிறது.

அன்னமும் ஒரு படியே

நாரதர் கற்றவை அனைத்தும் பெயர்களே என்று தொடங்கும் சனத்குமாரர், பெயரைவிட உயர்ந்தது வாக்கு, அதைவிட உயர்ந்தது மனம் என்று படிப்படியாக மேலே அழைத்துச் செல்கிறார். சங்கல்பம், சித்தம், தியானம், விஜ்ஞானம், பலம் ஆகியவற்றைக் கடந்ததும் வருகின்ற படி எது? அன்னம்! தியானத்திற்கும் விஜ்ஞானத்திற்கும் மேலான இடத்தில் உணவு வைக்கப்பட்டிருக்கிறது. பத்து நாட்கள் உண்ணாதிருப்பவன் உயிரோடு இருந்தாலும் அவனால் பார்க்கவோ, கேட்கவோ, சிந்திக்கவோ இயலாது என்பதே உபநிடதம் காட்டும் காரணம். வேதாந்தம் வயிற்றை மறந்த தத்துவம் என்று எண்ணுவோர் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஆகவே, படிப்பு முடிந்தபின் சோற்றுக்கு என்ன வழி என்று கவலைப்படும் பெற்றோரை உலகாயதர் என்று ஒதுக்குவது முறையாகாது. பசித்த வயிற்றுக்குச் சமயம் ஏற்காது என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் கருத்து. சுவாமி விவேகானந்தரும் அதையே பலமுறை வலியுறுத்தினார்.

மேற்படிப்பை நாடும் மாணவன் முதலில் இந்தப் படியைக் கண் திறந்து பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில், அதாவது நெட் தேர்வில், இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வாகும் கலைப்புல ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்றும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயரும்போது 42,000 ரூபாய் என்றும் உதவித்தொகை உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்தின் அடுப்பெரிய இது போதுமானது. ஆனால், தேர்வெழுதுவோருள் மிகச் சிலருக்கே இது கிட்டுகிறது என்பதையும் மறைக்கலாகாது. முனைவர் பட்டம் பெற்ற அனைவருக்கும் கல்லூரியில் இடம் காத்திருப்பதில்லை என்பதும் உண்மையே.

தம்பி தங்கையரின் படிப்பும் பெற்றோரின் மருத்துவச் செலவும் தன் தோளில் இருக்கும்போது, ஒருவன் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் முதுகலை படிப்பானாயின், அவன் தோற்றவன் அல்லன். அன்னம் என்ற படியில் நிதானமாகக் கால் ஊன்றியவன். படியைத் தாண்டிக் குதிப்பவனைவிட, ஊன்றி ஏறுபவனே மேலே சேர்கிறான்.

வேலை தேடிய ஒரு தத்துவப் பட்டதாரி

கலைப்பாடம் பயின்று வேலையின்றி அலைந்தவர்களுள் உலகம் நன்கறிந்த ஒருவர் உண்டு. கல்கத்தாவின் ஜெனரல் அசெம்பிளி கல்லூரியில் தத்துவம் பயின்ற நரேந்திரநாத தத்தர் 1884 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவருக்குத் தட்சிணேசுவரத்தின் பெயர் எட்டியதும் ஓர் இலக்கிய வகுப்பில்தான். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் பாடலொன்றை விளக்கிய கல்லூரி முதல்வர் வில்லியம் ஹேஸ்டி, அக்கவிதை பேசுகின்ற பரவச நிலையை நேரில் காண வேண்டுமானால் தட்சிணேசுவரத்துப் பரமஹம்சரிடம் செல்லலாம் என்று மாணவர்களுக்குக் கூறினார். பயனற்றது என்று உலகம் எண்ணும் ஒரு கவிதை வகுப்பு, ஒரு மாபெரும் வாழ்க்கைக்கு வாசலாயிற்று!

அதே 1884 பிப்ரவரியில் தந்தை விசுவநாத தத்தர் திடீரென மறைந்தார். வருவாய் நின்றது, கடன்காரர்கள் வந்தனர், உறவினர் சொத்து வழக்குத் தொடுத்தனர். வீட்டில் தாயும் உடன்பிறந்தோரும் பட்டினியை எதிர்நோக்கினர். நரேந்திரர் கையில் விண்ணப்பத்துடன், கால்களில் செருப்பின்றி, கொளுத்தும் வெயிலில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கும் கதவு மூடியே இருந்தது. வீட்டில் அனைவருக்கும் போதிய உணவில்லை என்று அறிந்த நாட்களில், தமக்கு வெளியே விருந்து இருப்பதாகத் தாயிடம் கூறிவிட்டு வெறும் வயிற்றுடன் வெளியேறினார். பிறகு வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் சிறு பணி, நூல் மொழிபெயர்ப்பு, ஈசுவர சந்திர வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்வி நிலையத்தைச் சேர்ந்த பள்ளியில் சிறிது காலம் ஆசிரியர் வேலை எனக் கிடைத்தவற்றைச் செய்தார். சட்டமும் பயின்றார்.

இந்நிலையில்தான் அவர் குருதேவரிடம் சென்று, குடும்பத்தின் வறுமை நீங்க அன்னையிடம் வேண்டுமாறு மன்றாடினார். குருதேவரோ அவரையே காளி கோயிலுக்கு அனுப்பினார். நரேந்திரர் மும்முறை சென்றார். மும்முறையும் பொருளைக் கேட்க நா எழவில்லை. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே கேட்டுத் திரும்பினார். அதன்பின் அவரது வற்புறுத்தலுக்கு இணங்கிய குருதேவர், அவருடைய குடும்பத்துக்கு எளிய உணவும் உடையும் குறையாது என்று அருளினார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் பெரும்பாலும் கோயிற்காட்சியை மட்டும் நினைவில் கொள்கின்றனர். அதற்கு முன் வெயிலில் நடந்த மாதங்களை மறந்துவிடுகின்றனர். நரேந்திரர் முயற்சியைக் கைவிட்டுக் கோயிலுக்குப் போகவில்லை. தம்மால் இயன்ற அனைத்தையும் செய்து பார்த்த பின்பே போனார். வேலை தேடி அலைவது அவமானமன்று என்பதும், அத்தகைய நாட்களிலும் எதைக் கேட்பது என்ற விவேகத்தை இழக்கலாகாது என்பதும் கலைப்பட்டதாரிகள் இதிலிருந்து பெற வேண்டிய இரு பாடங்கள்.

சத்தியம்: விண்ணப்பத்தில் தொடங்கும் தவம்

அன்னம் முதலிய படிகளையெல்லாம் கடந்தபின் சனத்குமாரர் ஒரு சங்கிலியை நாரதரிடம் தருகிறார். உண்மையைப் பேச வேண்டுமானால் அதைத் தெளிவாக அறிய வேண்டும். அறிவதற்கு மனனம் வேண்டும். மனனத்திற்குச் சிரத்தை வேண்டும். சிரத்தைக்கு நிஷ்டை வேண்டும். நிஷ்டைக்குக் கிருதி என்னும் முயற்சி வேண்டும். முயற்சி பிறக்கச் சுகம் தெரிய வேண்டும். சுகமோ எல்லையற்றதாகிய பூமாவில் மட்டுமே உள்ளது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. மேற்படிப்புக்கு ஆயத்தமாகும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி அமைவது அரிது.

முதற்கண்ணி சத்தியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இந்நாட்டின் சில நிறுவனங்களும், எதற்காக இப்படிப்பை நாடுகிறாய் என்று ஒரு நோக்க அறிக்கை கேட்கின்றன. பல மாணவர்கள் பிறருடைய அறிக்கையைப் பார்த்து எழுதுகின்றனர். சிலர் கணினிக் கருவியிடம் எழுதி வாங்கிக்கொள்கின்றனர். குழந்தைப் பருவம் முதலே வரலாற்றில் தீராக் காதல் என்று தொடங்கும் அத்தகைய அறிக்கைகளை ஆசிரியர் குழு எளிதில் அடையாளம் கண்டுவிடும்.

சிறந்த நோக்க அறிக்கைக்கு முன்மாதிரி வேண்டுமானால் நாரதரைப் பார்த்தால் போதும். அவர் தாம் கற்றவற்றை மிகையின்றிச் சொன்னார். எதை அறியவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். அதை இவரிடம் ஏன் கற்க வந்தார் என்பதையும் சொன்னார். படித்த நூல்கள் இவை, எழுதிய கட்டுரை இது, அதில் விடை காண இயலாத கேள்வி இது, அக்கேள்வியில் தேர்ந்த ஆசிரியர் இத்துறையில் இருக்கிறார் என்று இரண்டு பக்கங்களில் எழுதும் மாணவனின் சொல்லில் உண்மை ஒலிக்கும்.

ஆய்வு தொடங்கிய பின்பும் இதே சத்தியம் காவலாக நிற்கிறது. பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டுவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் குறித்த காலத்திற்குள் திருத்தித் தர வேண்டும்; 40 விழுக்காட்டைத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர இயலாது; 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். யோக சாஸ்திரமோ திருடாமையை யமங்களுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அங்கே விழுக்காட்டுக் கணக்கு எதுவும் இல்லை. கருவி கண்டுபிடிக்குமோ என்ற அச்சத்தால் நேர்மையாக இருப்பவன் மாணவன். கண்டுபிடிக்காது என்று தெரிந்தும் நேர்மையாக இருப்பவன் சாதகன்.

மனனம்: தலைப்பும் கேள்வியும்

உண்மையை அறிய மனனம் வேண்டும் என்பது அடுத்த கண்ணி. ஆய்வுத் திட்டம் எழுதுவோர் இங்கேதான் பெரும்பாலும் இடறுகின்றனர். பக்தி இயக்கம், பெண்ணியம், இந்தியத் தத்துவத்தில் மனம் என்றெல்லாம் எழுதித் தருகின்றனர். இவை தலைப்புகள், கேள்விகள் அல்ல. குறிப்பிட்ட ஒரு நூலின் இரண்டு உரையாசிரியர்கள் ஒரே சொல்லுக்கு ஏன் வெவ்வேறு பொருள் கொண்டனர் என்பது கேள்வி. குறிப்பிட்ட ஒரு பஞ்சத்தின்போது ஒரு கோயிலின் நிலவருவாய் எவ்வாறு செலவிடப்பட்டது என்பது கேள்வி. கேள்வியாக மாறாத தலைப்பு, மழை நீரைத் தேக்காத சமவெளி போன்றது. எவ்வளவு படித்தாலும் வழிந்தோடிவிடும்.

கேள்வி பிறக்க வேண்டுமானால் மூல நூலுக்குச் செல்ல வேண்டும். குருதேவர் சொன்ன கடிதக் கதை இங்கே பொருந்தும். ஊரிலிருந்து உறவினருக்கு ஒரு கடிதம் வந்தது. அது எங்கோ தொலைந்துவிட, வீடெங்கும் தேடினர். கண்டெடுத்துப் படித்தபோது, இனிப்பும் துணியும் அனுப்புமாறு அதில் எழுதியிருந்தது. செய்தி தெரிந்தபின் கடிதத்திற்கு வேலையில்லை; பொருளை வாங்கப் புறப்பட வேண்டியதுதான். இன்று வழிகாட்டிக் கையேடுகளும், வினாவிடைத் தொகுப்புகளும், காணொளிச் சுருக்கங்களும் மலிந்துவிட்டன. அவற்றையே சேர்த்துக்கொண்டிருக்கும் மாணவன் கடிதத்தைத் தேடுவதிலேயே காலம் கழிக்கிறான்.

தன் கேள்வியைப் பிறர் முன்பே ஆராய்ந்துவிட்டனரா என்று பார்ப்பதும் மனனத்தின் பகுதியே. முன்பு இதற்காகப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகச் செல்ல வேண்டியிருந்தது. இன்று காந்திநகரின் இன்ப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிற்றூரில் இருக்கும் மாணவியும் தன் கைப்பேசியிலேயே அவற்றைப் படிக்கலாம். தன் துறையில் நல்ல ஆய்வேடுகள் ஐந்தை முழுமையாகப் படித்தவருக்கு, ஆய்வு என்றால் என்ன என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

மொழியறிவும் இங்கே இன்றியமையாதது. சம்ஸ்கிருதம், பாலி, பாரசீகம் என மூல நூல்களின் மொழியை அறியாமல் அந்நூல்களைப் பற்றி ஆராய்வது, பிறர் உண்டதைக் கேட்டுப் பசியாறுவது போன்றது. பரிவிராஜகராகத் திரிந்த நாட்களில் கேத்ரியில் தங்கிய சுவாமிஜி, அங்கிருந்த பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து பாணினி இலக்கணத்தின் பேருரையைப் பயின்றார். பட்டம் பெற்று ஏழாண்டுகள் கழிந்தபின் இலக்கணம் கற்க அவர் நாணவில்லை.

சிரத்தையும் நிஷ்டையும்

மனனத்தைத் தாங்குவது சிரத்தை. தான் கற்கும் பொருள் மெய்யானது, கற்கத் தகுந்தது, தன்னால் கற்க இயலும் என்ற உறுதியே சிரத்தை. கலைப்புல மாணவர் பலரிடம் இது முதலாண்டிலேயே தளர்ந்துவிடுகிறது. வேறு பாடம் கிடைக்காமல் இதில் சேர்ந்தேன் என்று அவர்களே கூறிக்கொள்கின்றனர்.

டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தத்துவத்தைத் தேர்ந்ததும் நீண்ட ஆலோசனையால் அன்று. நூல்கள் வாங்க வசதியில்லாத நிலையில், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். அதுவே பாடத்தை முடிவு செய்தது. ஆனால், தற்செயலாக வந்ததை அவர் தவமாக ஏற்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி 1908 இல் அவர் முதுகலைக்கு எழுதிய ஆய்வேடு, வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக அமைந்தது. 1936 இல் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எவ்வாறு வந்து சேர்ந்தோம் என்பது வினைப்பயனாக இருக்கலாம்; சேர்ந்த இடத்தில் எவ்வாறு நிற்கிறோம் என்பது நம் கையில் உள்ளது.

சிரத்தை நிலைபெற நிஷ்டை வேண்டும். இவ்விடத்திற்கு உரை எழுதும் ஆதிசங்கரர், குருவுக்குப் பணிவிடை செய்வது முதலியவற்றில் ஈடுபட்டு நிற்பதே நிஷ்டை என்கிறார். முனைவர் பட்ட ஆய்வு குறைந்தது மூன்று ஆண்டுகள் நீடிப்பது. ஆறு ஆண்டுகளும் ஆகலாம். அவ்வளவு காலம் வழிகாட்டப் போகும் ஆசிரியரை, பல்கலைக்கழகத்தின் புகழை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாகாது. அவர் எழுதிய நூல்களைப் படிக்க வேண்டும். அவரிடம் பயின்ற மூத்த மாணவர்களை விசாரிக்க வேண்டும். ஆய்வை முடித்தவர் எத்தனை பேர், பாதியில் நின்றவர் எத்தனை பேர் என்பதையும் அறிய வேண்டும். குருவைச் சோதித்து ஏற்குமாறு குருதேவரே தம் சீடர்களுக்கு இடமளித்தார். ஏற்றபின் பணிவும், கேள்வியும், தொண்டும் வேண்டும் என்பது கீதையின் நெறி. கேள்வியில்லாத பணிவு அடிமைத்தனம். பணிவில்லாத கேள்வி செருக்கு.

பரிந்துரைக் கடிதமும் இதே நிஷ்டையின் பயனே. மூன்றாண்டுகள் கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டு, இறுதி நாளுக்கு முதல் நாள் ஆசிரியரிடம் கடிதம் கேட்பவனைப் பற்றி அவரால் என்ன எழுத முடியும்? வகுப்புக்குப் பின் ஐயம் கேட்டவனை, கட்டுரையைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தவனை ஆசிரியர் மறப்பதில்லை.

நிஷ்டைக்கு இன்னொரு பொருள் ஓரிடத்தில் நிலைத்தல். ஓரிடத்தில் சிறிது தோண்டி, நீர் காணாமல் வேறிடத்தில் தோண்டத் தொடங்குபவனுக்குக் கிணறு அமைவதில்லை என்று குருதேவர் கூறுவதுண்டு. இவ்வாண்டு நெட், அடுத்த ஆண்டு வங்கித் தேர்வு, அதற்கடுத்து குடிமைப் பணி என்று அலைபவர்களுக்கு ஆண்டுகள் கழிகின்றன. மாக்ஸ்முல்லர் சாயணரின் உரையுடன் ரிக்வேதத்தைப் பதிப்பித்து முடிக்க 1849 முதல் 1874 வரை 25 ஆண்டுகள் ஆயின. 1896 மே மாதத்தில் ஆக்ஸ்போர்டில் அவரைச் சந்தித்த சுவாமிஜி, அம்முதியவரை ஒரு ரிஷியாகவே கண்டு நெகிழ்ந்தார்.

கிருதி: நாள்தோறும் செய்யும் முயற்சி

நிஷ்டையைத் தாங்குவது கிருதி. புலனடக்கமும் மன ஒருமைப்பாடுமே கிருதி என்று சங்கரர் பொருள் கூறுகிறார். தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவனுக்கு இவ்விரண்டையும்விட உற்ற துணை வேறில்லை.

நெட் தேர்வின் அமைப்பைப் பார்த்தாலே இது விளங்கும். முதல் தாளில் 50 வினாக்கள், 100 மதிப்பெண்கள். கற்பித்தல் திறன், ஆய்வு நெறி, தர்க்கம், படித்துப் பொருளுணர்தல் ஆகியவை அனைவருக்கும் பொது. இரண்டாம் தாளில் தன் பாடத்திலிருந்து 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள். இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கலைப்புல மாணவர்கள் பலர் தம் பாடத்தில் தேர்ந்திருந்தும் முதல் தாளைப் புறக்கணித்துப் பின்தங்குகின்றனர். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை, நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் அறிவித்தது. நெட் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தும் முறை 2024 இல் வந்தது. நான்காண்டு இளங்கலையை 75 விழுக்காட்டு மதிப்பெண்களுடன் முடித்தோர் முதுகலை இன்றியே முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்க 2022 ஆம் ஆண்டு விதிமுறைகள் வழி செய்தன. கதவுகள் கூடியிருக்கின்றன, நுழைவதற்கான உழைப்பு குறைந்துவிடவில்லை.

உழைப்புக்கு எளிய ஒழுங்கு போதும். காலையில் நீராடிச் சிறிது நேரம் ஜபமோ தியானமோ செய்தபின், கைப்பேசியைத் தொடுமுன் இரண்டு மணி நேரம் மூல நூலைப் படிக்கலாம். படித்ததை நூலை மூடிவைத்துவிட்டுச் சொந்த நடையில் ஒரு பக்கம் எழுதலாம். ஓராண்டில் அது 365 பக்கங்கள் ஆகும். மாலையில் பழைய வினாத்தாள்கள். வாரம் ஒருநாள் நண்பர்களுடன் கூடி ஒரு கட்டுரையை விவாதிக்கலாம். படித்ததைப் பிறருக்குக் கற்பிப்பதும் பெரும்பயிற்சி. அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருபவனுக்கு வரலாறு மறப்பதில்லை.

மீரட்டில் தங்கியிருந்தபோது சுவாமிஜி அங்குள்ள நூலகத்திலிருந்து ஜான் லப்பக்கின் நூல்தொகுதிகளை நாளொன்றுக்கு ஒன்றாகப் படித்துத் திருப்பி அனுப்பினார். நம்பாத நூலகர் அந்நூல்களிலிருந்து வினாக்களைத் தொடுத்தபோது, அனைத்திற்கும் விடை வந்தது. அவர் இதற்குக் கூறிய காரணம் மன ஒருமைப்பாடு. அதன் வேர் பிரம்மச்சரியம். கோடைமழைபோல் ஒருநாள் பொழிந்து பல நாள் காயும் படிப்பு இத்தகைய ஆற்றலைத் தராது.

முயற்சி முழுமையாக இருந்தும் பலன் கை நழுவும் நாட்களும் வரும். 2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் தேர்வை நாடெங்கும் 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினர். மறுநாளே அத்தேர்வு இரத்து செய்யப்பட்டது. தொலைவிலிருந்து கடன் வாங்கிப் பயணம் செய்து வந்தோர், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து எழுதியோர், அதுவே தம் வயது வரம்பின் கடைசி வாய்ப்பு என்று அஞ்சியோர் எனப் பலரும் அவர்களுள் இருந்திருப்பர். ஆகஸ்டு 21 முதல் செப்டம்பர் 4 வரை மீண்டும் தேர்வு நடந்தது. அந்த இரண்டு மாதங்களை எவ்வாறு கழித்தனர் என்பதே அவர்களுக்குள் வேறுபாட்டை உண்டாக்கியிருக்கும். நியாயத்தைக் கேட்பது தவறன்று. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவும் வேண்டும். ஆயினும், செயலில் மட்டுமே அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் உபதேசம் இத்தகைய நாட்களுக்காகவே சொல்லப்பட்டது. சினத்தில் புத்தகத்தை மூடியவனுக்குத் தேர்வு ஒருமுறை இரத்தாயிற்று. மனமும் தளர்ந்தவனுக்கு இருமுறை இரத்தாயிற்று.

சுகம்: சிறியதில் இல்லாதது

இத்தனை முயற்சியும் எதற்காக என்ற கேள்விக்கு இறுதிக் கண்ணியில் விடை இருக்கிறது. சுகம் கண்டால்தான் மனிதன் முயல்கிறான். சிறியதில் சுகமில்லை, எல்லையற்றதிலேயே சுகம் உள்ளது என்கிறார் சனத்குமாரர். பட்டமும் பதவியும் தேவையே. ஆனால் அவை சிறியவை. பேராசிரியர் நாற்காலிக்காக மட்டும் தத்துவம் படிப்பவன், நாற்காலி கிடைத்த நாளிலேயே படிப்பை நிறுத்திவிடுவான். கழுகு வானில் மிக உயரத்தில் பறந்தாலும் அதன் கண் பிணக்குழியில்தான் இருக்கிறது என்று, விவேகமில்லாத பண்டிதர்களைக் குருதேவர் சுட்டிக்காட்டினார். அத்தகைய கல்வி நாரதரின் நீண்ட பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்க்குமேயன்றி, துயரைத் தீர்க்காது.

எல்லையற்றதை நோக்கிக் கற்பவனுக்கு எந்தப் பணியும் கல்வியின் எதிரியாவதில்லை. பாண்டுரங்க வாமன் காணே வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். தர்மசாஸ்திரத்தின் வரலாற்றை அவர் எழுதத் தொடங்கி, முதல் தொகுதி 1930 இல் வெளிவந்தது. ஐந்தாம் தொகுதி 1962 இல் நிறைவுற்றது. 6,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட அப்பெருநூலை, எழுதியே ஆக வேண்டும் என்று எந்தப் பதவியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 1963 இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது.

கல்லூரி ஆசிரியர் பணி ஒன்றே கலைப்பட்டதாரிக்கு வழி என்பதும் இல்லை. பள்ளியாசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், நூலகர், ஆவணக் காப்பாளர், தொல்லியலாளர், இதழாளர் என வழிகள் பல. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வரலாறும் தத்துவமும் இலக்கியமும் 500 மதிப்பெண்களுக்குரிய விருப்பப்பாடங்களாக உள்ளன. பரம்பரை இல்லங்களிலும் மடங்களிலும் இன்னும் படிக்கப்படாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் ஏராளம். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். எப்பணியில் இருந்தாலும் நாள்தோறும் ஒரு மணி நேரத்தைக் கல்விக்கு ஒதுக்குபவன் மாணவனாகவே வாழ்கிறான்.

பெற்றோருக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. மகளோ மகனோ கலைப்பாடத்தைத் தேர்ந்தால், செலவைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் அவர்களுடன் அமர்ந்து அமைதியாகப் பேசலாம். எத்தனை ஆண்டுகள் முயல்வது, கிடைக்காவிட்டால் அடுத்த வழி எது என்று சேர்ந்தே முடிவு செய்யலாம். ஆனால், அவர்கள் கற்பது பயனற்றது என்று ஒருநாளும் சொல்லலாகாது. அச்சொல் பிள்ளையின் சிரத்தையை வெட்டுகிறது. சிரத்தை வெட்டப்பட்டால் சங்கிலியின் மற்றக் கண்ணிகளும் அறுந்துவிடும். தேர்வில் தவறிய பிள்ளை வீடு திரும்பும்போது முதலில் உணவிட்டு, பிறகு பேசும் தாயே சனத்குமாரரின் வரிசையை அறிந்தவள்.

அத்தியாயத்தின் முடிவில், உள்ளத்து மாசுகள் நீங்கிய நாரதருக்குச் சனத்குமாரர் இருளின் அக்கரையைக் காட்டினார் என்று உபநிடதம் கூறுகிறது. நாரதர் கற்ற வித்தைகளில் ஒன்றையும் மறக்குமாறு அவர் சொல்லவில்லை. பெயர் என்ற முதற்படியிலிருந்தே அழைத்துச் சென்றார். அவ்வாறே இலக்கணமும் இலக்கியமும் வரலாறும் தத்துவமும் கற்கின்ற இளைஞர்களுக்கு அவர்களுடைய பாடநூலே முதற்படி. அதில் ஊன்றிய கால் மேலே ஏறுமாறு, வேலை தேடி வெயிலில் நடந்த நரேந்திரருக்குத் துணை நின்ற அன்னை பவதாரிணி, இன்று அதே வெயிலில் நடக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் அன்னத்தையும் விவேகத்தையும் தந்தருள்வாளாக!